சவுண்டல் தழையும் ஹவாய்த் தீவின் ஆடும்

ஆடாதோடைச் செடியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். 'ஆடு தொடா இலை' என்பதே மருவி ஆடாதோடை ஆயிற்று என்பர். கண்ட தழையையெல்லாம் கடித்துப் பார்க்கும் வெள்ளாடு இந்த ஒரு செடியை மட்டும் முகர்ந்துவிட்டு விலகிச் செல்லும். தனக்கு எது ஆகும், எது ஆகாது என்பது ஆட்டுக்குத் தெரியும் என்று ஆடு மேய்ப்பவர்கள் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் தழை ஒன்று உண்டு. ஆடு அதைக் கண்டால் ஓடி வரும். கிளை எட்டாவிட்டால் பின்னங்கால்களில் நின்று இழுத்துத் தின்னும். புரதம் நிறைந்த தீனி அது. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் கழுத்தில் கழலை தோன்றும், முடி உதிரும், குட்டிகள் நலிவுற்றுப் பிறக்கும். கூபாபுல் என்றும் சுபாபுல் என்றும் அழைக்கப்படும் சவுண்டல் மரத்தின் தழைதான் அது.

ஒரே தழை அமுதாகவும் நஞ்சாகவும் இருப்பது எப்படி? உலகின் ஒரு மூலையில் ஆடுகளைக் கெடுத்த அதே தழை, வேறொரு மூலையில் அவற்றைக் கொழுக்க வைத்தது ஏன்? இக்கேள்விகளுக்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. கிடைத்த விடை, மேய்ச்சல் நிலம் என்றால் என்ன என்பதைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றியது.

புல் மட்டும் போதுமா?

மேய்ச்சல் நிலம் என்றவுடன் பசும்புல் விரிந்த வெளிதான் நம் மனக்கண்ணில் தோன்றும். மாட்டுக்கும் செம்மறிக்கும் அது பொருந்தும். வெள்ளாட்டின் இயல்போ வேறு. குனிந்து புல் மேய்வதைவிட, தலையை நிமிர்த்திப் புதரையும் மரத்தையும் நாடுவதே அதற்கு விருப்பம். மெல்லிய உதடுகளும் சுறுசுறுப்பான நாக்கும் முள்ளுக்கு நடுவே உள்ள கொழுந்தையும் பறிக்க உதவுகின்றன. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆட்டின் குடலில் இரத்தத்தை உறிஞ்சும் புழுக்களின் இளம்பருவங்கள் பெரும்பாலும் புல்லின் அடியில், தரையிலிருந்து சில அங்குல உயரத்துக்குள்தான் தங்கியிருக்கும். மேலே உள்ள தழையைத் தின்னும் ஆடு அவற்றிடமிருந்து தப்பிக்கிறது.

பால் கறக்கும் ஆட்டுக்குத் தழையின் தேவை இன்னும் கூடுதல். ஒரு லிட்டர் வெள்ளாட்டுப் பாலில் சுமார் 30 கிராமுக்கு மேல் புரதம் உள்ளது. நாள்தோறும் பாலின் வழியே வெளியேறும் இந்தப் புரதம் தீனியிலிருந்துதான் வரவேண்டும். மழைக்காலப் புல்லில் இது ஓரளவு கிடைக்கும். கோடையில் காய்ந்து வைக்கோலைப் போல் ஆகிவிட்ட புல்லிலோ, உலர்ந்த எடையில் 100-க்கு 5 பங்கு புரதம்கூட இருப்பதில்லை. சுமார் 7 பங்குக்குக் கீழே போனால், அசைபோடும் விலங்கின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். அவை சோர்ந்தால் தின்ற புல்லும் செரிப்பதில்லை.

இங்கேதான் ஆழமாக வேரோடும் பயறுவகை மரங்கள் கைகொடுக்கின்றன. வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து இம்மரங்களுக்கு அளிக்கின்றன. கோடையிலும் அவற்றின் இலை பசுமையாக இருக்கும். சவுண்டல் இலையில் உலர்ந்த எடையில் 100-க்கு 20 முதல் 25 பங்கு வரை புரதம் உண்டு. வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் அது. 'ஏழையின் பசு' எனப்படும் வெள்ளாட்டுக்கு இதைவிட நல்ல தீனி வேறென்ன வேண்டும் என்று நாடுகள் பலவும் எண்ணியதில் வியப்பில்லை.

கப்பலேறிய மரம்

சவுண்டலின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் இம்மரத்தின் இனங்களை வளர்த்து, அவற்றின் விதைகளை உணவாக உண்டு வந்தனர். மெக்சிகோவில் உள்ள ஒஹாக்கா என்னும் ஊரின் பெயரே, அவர்கள் மொழியில் இம்மர இனத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகும்.

1565 முதல் 1815 வரை, மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஸ்பானிய வணிகக் கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து சென்றுவந்தன. அவற்றின் வழியாகவே இம்மரம் ஆசியாவுக்கு வந்தது என்பது அறிஞர்களின் கருத்து. அங்கிருந்து அது வெப்ப நாடுகளெங்கும் பரவியது. காப்பி, கொக்கோத் தோட்டங்களில் நிழல் மரமாகவும், விறகாகவும், உரமாகவும், தீனியாகவும் பயன்பட்டது. பிலிப்பைன்ஸில் அதன் பெயர் இபில்-இபில், இந்தோனேசியாவில் லாம்தோரோ, ஹவாய்த் தீவுகளில் கோவா ஹாவோலே, அதாவது 'அயல்நாட்டுக் கோவா மரம்'.

1977-இல் அமெரிக்க நாட்டு தேசிய அறிவியல் கழகம் இந்த ஒரு மரத்தைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் மணிபாய் தேசாய் நிறுவிய, புனே அருகே உருளிகாஞ்சனில் இயங்கும் பைஃப் நிறுவனம், 1970-களிலிருந்து இதைப் பரப்புவதில் முன்னின்றது. வறண்ட நிலத்துக்கு வந்த வரம் என்று பலர் இதைப் போற்றினர். ஆனால் அதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஓர் ஐயம் இம்மரத்தைத் தொடர்ந்து வந்தது.

வாலில் முடியில்லாத குதிரைகள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு செய்தி வந்தது. இம்மரத்தின் கொழுந்தையும் காயையும் தின்ற குதிரைகளின் பிடரியிலும் வாலிலும் முடி உதிர்ந்தது. ஆனால் ஆடு மாடுகளுக்கு அவ்வளவு கேடு நேரவில்லை. அசைபோடும் விலங்குக்கும் அசைபோடாத விலங்குக்கும் இடையே இந்த வேறுபாடு ஏன் என்று அப்போது எவராலும் விளக்க முடியவில்லை.

விடையின் முதல் துண்டு நமக்கெல்லாம் பழக்கமான தொட்டாற்சிணுங்கியிலிருந்து கிடைத்தது. 1936-இல் ரென்ஸ் என்ற வேதியியலார் அச்செடியிலிருந்து ஒரு புதிய அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மைமோசா என்பது அச்செடியின் தாவரவியல் பெயர். எனவே அமிலம் மைமோசின் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் சவுண்டலிலிருந்தும் ஒரு பொருள் பிரிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பொதுவாக அமினோ அமிலங்கள் புரதத்தின் செங்கற்கள். மைமோசின் அப்படிப்பட்டதன்று. விலங்கின் உடலில் சேர்ந்தால் அது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும். முடி வளரும் வேரில் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். எனவே முதல் அடி அங்கேதான் விழுகிறது. குதிரையின் வால் மொட்டையானது இதனால்தான்.

வயிற்றுக்குள் மாறும் நஞ்சு

அப்படியானால் ஆடும் மாடும் தப்பியது எப்படி? ஆட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் பெரியது அசையூண் இரைப்பை. அங்கே செரிமானத்தைத் தொடங்குவது ஆடன்று, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தாம். ஆட்டால் செரிக்க முடியாத நாரை அவை நொதிக்க வைத்து, தாமும் வளர்ந்து, ஆட்டையும் வளர்க்கின்றன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் வெப்பமான மேய்ச்சல் நிலங்கள் நிறைந்தது. அங்கே சவுண்டலைத் தீனிப்பயிராக்க அறிவியலார் முயன்றுகொண்டிருந்தனர். அந்நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஹெகார்ட்டியும் அவருடைய குழுவினரும் 1964-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டனர். அசையூண் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் மைமோசினை உடைத்து, டி.எச்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன என்பதே அது. முடியை உதிர்க்கும் நஞ்சு இரத்தத்தில் கலக்குமுன்பே பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சவுண்டலை நெடுநாள் தின்ற மாடுகளுக்கு எச்சில் வடிந்தது; பசி குறைந்தது; தைராய்டுச் சுரப்பி வீங்கியது. 1976-இல் ஹெகார்ட்டி குழுவினரே இதன் காரணத்தையும் கண்டனர். மைமோசினிலிருந்து பிறந்த டி.எச்.பி., தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பிணைத்து இயக்குநீர் ஆக்குவதைத் தடுக்கிறது. ஒரு நஞ்சு நீங்கிய இடத்தில் இன்னொரு நஞ்சு பிறந்தது. 'பேய்க்குத் தப்பி பூதத்தின் வாயில் அகப்பட்ட' கதைதான்!

தீனியில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற எச்சரிக்கை இதனால் பரவியது. ஆடு ஓட்டித் திரியும் ஏழைக்கு, கோடையில் வேறு பசுமையே இல்லாத நிலத்தில், இந்த எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது எளிதா?

ஹவாயில் ஒரு வியப்பு

இந்த நிலையில் குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் என்ற மேய்ச்சல் நில ஆராய்ச்சியாளரின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஹவாய்த் தீவுகளில் ஆடு மாடுகள் நெடுங்காலமாகச் சவுண்டலைத் தின்கின்றன. அங்கே கழலை இல்லை, நலிவும் இல்லை. மரம் ஒன்றே. விலங்குகளும் அதே இனங்கள். அப்படியென்றால் வேறுபாடு எங்கே?

1778-இல் காப்டன் குக் நீஹாவு தீவில் ஓர் ஆட்டுக் கடாவையும் இரண்டு பெட்டைகளையும் இறக்கிவிட்டுச் சென்றார். ஹவாயில் வெள்ளாடு காலூன்றிய வரலாறு அதிலிருந்து தொடங்குகிறது. பின்னர் அங்கு வந்துசேர்ந்த சவுண்டல் மரமும் அத்தீவுகளில் புதர்க்காடாகப் பெருகியது. ஆடும் தழையும் பல தலைமுறைகள் ஒன்றாக வாழ்ந்தன. ஆஸ்திரேலியாவுக்கு ஆடு மாடுகள் வந்ததோ 1788-இல் ஐரோப்பியர் குடியேறிய பிறகுதான். அங்கே மேய்ச்சல் விலங்குகள் சவுண்டலைப் பெருமளவில் சந்தித்தது 20-ஆம் நூற்றாண்டில்.

ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் டி.எச்.பி.யையும் உடைக்கக்கூடிய நுண்ணுயிர் இருக்கலாமோ என்று 1981-இல் ஜோன்ஸ் எழுதினார். அதைச் சோதிக்க அவர் கையாண்ட வழி எளிமையானது. உடலில் டி.எச்.பி. உருவானால் அது சிறுநீரில் வெளிவரும். எனவே இரு நாட்டு ஆடுகளுக்கும் சவுண்டல் தழையைக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தால் போதும். ஜோன்ஸும் அவருடன் பணியாற்றிய மெகாரிட்டியும் 1983-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆஸ்திரேலிய ஆடுகளின் சிறுநீரில் டி.எச்.பி. மிகுதியாக இருந்தது, அவை நலிந்தன. ஹவாய் ஆடுகளின் சிறுநீரில் அது அரிதாகவே காணப்பட்டது. அவை நலமாகத் தழையைத் தின்றுகொண்டிருந்தன.

வேறுபாடு ஆட்டில் இல்லை, மரத்திலும் இல்லை. ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களில் இருந்தது!

கடல் கடந்த இரைப்பைச் சாறு

கருத்து சரியென்றால், அந்த நுண்ணுயிரை வேறோர் ஆட்டுக்கு மாற்றினால் அதுவும் காப்பாற்றப்பட வேண்டும். லோரி என்ற அறிவியலார் இந்தோனேசியாவில் சவுண்டலை ஆராய்ந்து வந்தார். அங்கும் ஆடுகள் அத்தழையை நன்றாகவே தின்றுவந்தன. ஓர் இந்தோனேசிய ஆட்டின் இரைப்பைச் சாறு ஆஸ்திரேலிய ஆடுகளின் இரைப்பையில் செலுத்தப்பட்டது. அதன் பிறகு அந்த ஆடுகளும் டி.எச்.பி.யை உடைக்கத் தொடங்கின. ஜோன்ஸும் லோரியும் 1984-இல் இதை அறிவித்தனர். 1986-இல் ஜோன்ஸும் மெகாரிட்டியும் ஹவாய் ஆடுகளிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை ஆஸ்திரேலியாவின் அசைபோடும் விலங்குகளுக்கு வெற்றியுடன் மாற்றியதை வெளியிட்டனர்.

நம் வீடுகளில் பாலை எப்படித் தயிராக்குகிறோம்? முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோம். இங்கே நடந்ததும் அதுவே. ஓர் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த 'உறை', இன்னொரு மந்தையின் வயிற்றில் ஊற்றப்பட்டது. மந்தையில் சில விலங்குகளுக்கு மட்டும் கொடுத்தாலும், ஒன்றாக மேய்ந்த மற்றவற்றுக்கும் அது தானே பரவியது. நுண்ணுயிர் பெற்ற மாடுகள் சவுண்டல் நிலங்களில் மேய்ந்து முன்பைவிட விரைவாக எடை கூடின.

அந்த உதவியாளனை நேரில் காண இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஆலிசனும் குழுவினரும் ஹவாய் ஆட்டின் இரைப்பையிலிருந்து அதைத் தனியே பிரித்து வளர்த்தனர். உயிர்க்காற்று பட்டால் வாழாத, கோல் வடிவப் பாக்டீரியா அது. சர்க்கரையை அது நாடுவதில்லை. சில அமினோ அமிலங்களையும், ஆட்டுக்கு நஞ்சான டி.எச்.பி.யையுமே உணவாகக் கொள்கிறது. 1992-இல் அதற்கு 'சினர்ஜிஸ்டிஸ் ஜோன்ஸியை' என்று பெயரிட்டனர். பெயரின் முற்பகுதி கூடி உழைப்பதைக் குறிக்கும்; பிற்பகுதி ஜோன்ஸின் பெயரைத் தாங்கியது.

விடைக்குப் பின் எழுந்த வினாக்கள்

அறிவியலில் ஒரு விடை பல வினாக்களைப் பெற்றுத் தருவது வழக்கம். 2000-க்குப் பின் குயின்ஸ்லாந்தில் பல மந்தைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, நுண்ணுயிர் கொடுக்கப்பட்ட மந்தைகள் சிலவற்றிலும் டி.எச்.பி. மீண்டும் தலைகாட்டியது. மறுபுறம், மரபுப் பொருளைக் கொண்டு தேடியபோது, ஒருபோதும் உறை ஊற்றப்படாத பல நாட்டு விலங்குகளிலும் இந்தப் பாக்டீரியாவின் வகைகள் சிறு எண்ணிக்கையில் காணப்பட்டன.

கிழக்கு இந்தோனேசியாவில் சவுண்டலையே பெரும்பகுதித் தீனியாகத் தின்னும் மாடுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர். அவற்றின் சிறுநீரில் டி.எச்.பி. இருந்தது, ஆனால் கல்லீரல் அதை வேறொரு பொருளுடன் பிணைத்து, கேடு குறைந்த வடிவில் வெளியேற்றிக்கொண்டிருந்தது. புதிதாகத் தின்னத் தொடங்கும்போது சில வாரங்கள் தடுமாறும் விலங்கு, மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. எனவே காவலன் ஒருவன் அல்லன். வயிற்றில் ஒருவனும் கல்லீரலில் ஒருவனுமாக இருவர் என்று இன்று கருதப்படுகிறது. இதனால் ஜோன்ஸின் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை. அது திறந்த கதவுக்கு அப்பால் இன்னோர் அறை இருப்பது தெரிந்தது.

மரத்துக்கும் சோதனை வந்தது. 1980-களில் ஒருவகைச் சாறுறிஞ்சும் பூச்சி ஹவாயிலிருந்து தீவு தீவாகத் தாவி, ஆசிய நாடுகளின் சவுண்டல் தோப்புகளை மொட்டையாக்கியது. 1988-இல் அது தென்னிந்தியாவிலும் காணப்பட்டது. மேலும், கட்டுப்பாடின்றி விட்டால் காய்த்துச் சிதறி வேண்டாத இடங்களிலும் பரவும் இயல்பு இம்மரத்துக்கு உண்டு. ஒரே மரத்தை நம்பி மேய்ச்சல் நிலத்தை அமைப்பது ஒரே தூணில் கூரை போடுவதைப் போன்றது என்பதை இவை உணர்த்தின.

ஆடு வளர்ப்போருக்கு

இந்த வரலாற்றிலிருந்து பாலாடு வளர்ப்போர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலாவது, புதிய தழையைப் படிப்படியாகப் பழக்கவேண்டும். முதல்நாளே வயிறு நிறையப் போடாமல், சிறு கட்டில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டிக்கொண்டு போனால், வயிற்று நுண்ணுயிர்களும் கல்லீரலும் ஆயத்தமாகும். பழகிய பிறகும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவு பாதுகாப்பானது. சினை ஆடுகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். தாயின் கழலை குட்டியையும் பாதிக்கும். குதிரை, பன்றி, முயல், கோழி போன்றவற்றுக்கு அசையூண் இரைப்பையின் காவல் இல்லை. ஆட்டுக்கான அளவு அவற்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, புல்லும் தழையும் சேர்ந்ததே வெள்ளாட்டின் மேய்ச்சல் நிலம். மரங்களை வரிசையாக நட்டு, இடைவெளியில் கொழுக்கட்டைப் புல் போன்றவற்றை வளர்க்கலாம். இளங்கன்றின் பட்டையை ஆடு உரித்துவிடும். ஆகவே தண்டு தடிக்கும்வரை ஆட்டை உள்ளே விடலாகாது. பிறகு நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால், மேய்ந்த மரம் மீண்டும் தழைக்க ஓய்வு கிடைக்கும். மரத்தை மார்பளவு உயரத்தில் வெட்டிவிட்டால் தழை ஆட்டுக்கு எட்டும், தொரட்டி தேவைப்படாது, காய் முற்றி விதை சிதறுவதும் குறையும்.

மூன்றாவது, தழையின் வாடை பாலில் ஏறாமலிருக்க, கறப்பதற்கு முன்பு கொடுக்காமல் கறந்த பிறகு கொடுப்பது நல்லது.

மேய்ச்சல் நிலத்தைத் திருத்துவது என்றால் நல்ல விதையைத் தூவுவது, உரமிடுவது, வேலி போடுவது என்றே முன்பு எண்ணப்பட்டது. அந்த நிலம் வேலிக்குள் முடிந்துவிடுவதில்லை. ஆட்டின் வயிற்றுக்குள்ளும் நீள்கிறது என்பதைச் சவுண்டலின் வரலாறு காட்டியது. ஒரு தழையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசென்றவர்கள் விதையை மட்டுமே எடுத்துச் சென்றார்கள். அதைச் செரிக்கும் ஆற்றல் பின்தங்கிவிட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவர நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அடுத்த முறை ஓர் ஆடு பின்னங்கால்களில் நின்று சவுண்டல் கிளையை வளைப்பதைக் கண்டால், அது தனியாகத் தின்னவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றுக்குள் பெரியதொரு குடும்பமே பந்தியில் அமர்ந்திருக்கிறது!